சவுண்ட்: நான்கு சொற்கள், மூன்று குடும்பங்கள்

ஆங்கிலத்தில் ‘சவுண்ட்’ என்றால் ஓசை என்று பள்ளிப் பிள்ளைக்கும் தெரியும். ஆனால் நோயற்ற உடல், பிசகில்லாத வாதம், இரு கரைகளுக்கு இடையில் ஓடும் குறுகிய கடல், நீரின் ஆழம் பார்க்கும் வேலை ஆகியவற்றுக்கும் அங்கே அதே சொல்தான். ஒரு சொல் நாளடைவில் பல பொருள் பெறுவது எல்லா மொழிக்கும் இயல்பு. தமிழ் இலக்கணம் அதைப் பலபொருள் ஒருசொல் என்று தொல்காப்பியக் காலத்திலேயே வகுத்துவிட்டது. பிரெஞ்சு அறிஞர் மிஷேல் பிரெயால் 1897இல் வெளியிட்ட நூலின் வழியே ‘பாலிசெமி’ என்னும் பெயர் ஐரோப்பாவில் நிலைபெற்றது. சவுண்ட் அந்த வகைக்குள் முழுதாக அடங்குவதில்லை. வெவ்வேறு பிறப்புடைய சொற்கள் இங்கே ஒரே உருவத்தில் வந்து சேர்ந்திருக்கின்றன. எண்ணினால் சொற்கள் நான்கு, குடும்பங்கள் மூன்று.

இவற்றில் நலத்தைக் குறிப்பது பழைய ஆங்கிலத்திலேயே இருந்தது. அன்று அதன் வடிவம் ‘கெசுண்ட்’ என்பதை ஒட்டியது. ஜெர்மனில் ‘கெசுண்ட்’ இன்றும் ஆரோக்கியத்தைக் குறிக்கிறது. யாராவது தும்மினால் ‘கெசுண்ட்ஹைட்’ என்று வாழ்த்துவதும் அதிலிருந்து வந்ததே. ஆங்கிலத்தில் முன்னொட்டு தேய்ந்து உதிர்ந்தது, மிச்சம் நின்றது. குறையில்லாத உடலுக்குச் சொன்னதைப் பழுதில்லாத மரத்துக்கும், கப்பலுக்கும், கடனில் மூழ்காத வணிகனுக்கும், இடையில் கலையாத தூக்கத்துக்கும் சொன்னார்கள். தர்க்கவியலில் முடிவு முறையாகப் பிறந்தால் மட்டும் போதாது, எடுகோள்களும் உண்மையாக இருந்தால்தான் அந்த வாதம் ‘சவுண்ட்’. 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம் 12ஆம் பிரிவில் ‘சவுண்ட் மைண்ட்’ எது என்று வரையறுக்கிறது. நம் பத்திரங்களில் ‘சித்த சுவாதீனம்’ என்று எழுதுவது அதைத்தான். இந்த ஒரு சொல்லுக்குள் நடப்பதுதான் உண்மையான பொருள் விரிவு: குறையின்மை என்னும் கரு எல்லா இடத்திலும் மாறாமல் நிற்கிறது.

கடலைக் குறிக்கும் சவுண்ட் வேறு இனம். பழைய ஆங்கிலத்தில் ‘சுண்ட்’ என்றால் நீந்துதல். ‘ஸ்விம்’ என்னும் வினையோடு ஒரே வேரில் பிறந்தது. ஸ்காண்டிநேவியரின் பழைய நோர்ஸ் மொழியில் அது நீச்சலையும் ஜலசந்தியையும் சேர்த்துக் குறித்தது. டென்மார்க்குக்கும் சுவீடனுக்கும் இடையிலுள்ள ஓரெசுண்ட், மிகக் குறுகிய இடத்தில் சுமார் நான்கு கிலோமீட்டர்தான். அந்த வழியே போன கப்பல்களிடம் டென்மார்க் அரசு 1429 முதல் 1857 வரை சுங்கம் வாங்கியது. ஆங்கிலேய மாலுமிகளுக்கு ‘தி சவுண்ட்’ என்றால் அந்த ஜலசந்திதான். பின்னர் 1792இல் ஜார்ஜ் வான்கூவர் அமெரிக்காவின் வடமேற்குக் கரையில் கண்ட நீர்ப்பரப்புக்குத் தன்னோடு வந்த பீட்டர் புஜெட்டின் பெயரைச் சேர்த்து ‘புஜெட் சவுண்ட்’ என்று பெயரிட்டார். மீனின் காற்றுப்பைக்கும் ஆங்கிலத்தில் சவுண்ட் என்று ஒரு பெயர் உண்டு. நீச்சல் என்னும் பழைய பொருளை நினைத்தால் அது விளங்கிவிடும்.

ஆழம் பார்க்கும் சவுண்ட் பிரெஞ்சின் ‘சோன்டே’ வழியாக 14, 15ஆம் நூற்றாண்டுகளில் வந்தது. பிரெஞ்சுக்கு அது எங்கிருந்து கிடைத்தது என்பதில் இரு கருத்துகள் உண்டு. அலைக்கு அடியில் போதல் என்னும் பொருளுள்ள லத்தீன் வடிவம் ஒன்றைப் பழைய அறிஞர் சிலர் ஊகித்தனர். ஆனால் பழைய ஆங்கிலத்திலேயே ஆழம் பார்க்கும் கோலுக்கும் கயிற்றுக்கும் ‘சுண்ட்’ சேர்ந்த பெயர்கள் ஏட்டில் இருக்கின்றன. வடகடல் மாலுமிகளின் வாயிலிருந்து பிரெஞ்சுக்குப் போய் மறுபடி ஆங்கிலத்துக்குத் திரும்பிய சொல் என்பதே வலுவான கருத்து. அப்படியானால் இதுவும் நீச்சல் குடும்பம்தான். ஈயக் குண்டைக் கயிற்றில் கட்டி இறக்குவார்கள். குண்டின் அடிக்குழியில் அப்பிய கொழுப்பில் கடலடி மணல் ஒட்டி வரும். 1875இல் ‘சேலஞ்சர்’ கப்பல் மரியானா தீவுகளை ஒட்டி 4,475 ஃபாதம் ஆழம், அதாவது எட்டு கிலோமீட்டருக்கு மேல், கண்டது இத்தகைய கயிற்றால்தான். ஒருவரின் மனத்தில் என்ன இருக்கிறது என்று நாசூக்காக விசாரித்துப் பார்ப்பதும் இந்தச் சொல்லின் நீட்சியே.

ஓசை என்னும் சவுண்ட் லத்தீன் ‘சோனுஸ்’ வழி வந்தது. சமஸ்கிருதத்தின் ‘ஸ்வன’, இசையின் ‘சொனாட்டா’, கவிதையின் ‘சானெட்’ எல்லாம் அதற்கு உறவு. நார்மானியர் ஆட்சிக்குப் பின் பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்தில் நுழைந்தபோது அது ‘சூன்’ மட்டுமே. கடைசியில் ‘டி’ இல்லை. அந்த ‘டி’ 15ஆம் நூற்றாண்டிலிருந்து ஒட்டிக்கொண்டது. ‘ன்’ ஒலிக்கும்போது நாக்கு மேலே ஒட்டியிருக்க, காற்று மூக்கு வழியே போகிறது. நாக்கு விலகுமுன் மூக்குவழி அடைபட்டால் ‘ட்’ தானாகப் பிறக்கும். ‘தண்டர்’ என்னும் இடிச்சொல்லில் வரும் ‘டி’யும் இப்படி இடையில் வந்ததே.

இப்போது நான்கும் ‘சூண்ட்’ என்று நின்றன. ‘ண்ட்’ என்ற கூட்டுக்கு முன் வந்த பழைய குற்றுயிர் ஏற்கெனவே நீண்டுவிட்டிருந்தது. ‘ஊ’வை ‘ஓயு’ என்ற இரு எழுத்தால் எழுதும் பழக்கம் பிரெஞ்சு எழுத்தரிடமிருந்து வந்தது. சுமார் 1400க்கும் 1700க்கும் இடையில் ஆங்கில நெடில்கள் இடம்பெயர்ந்தபோது ‘ஹூஸ்’ ‘ஹவுஸ்’ ஆயிற்று, ‘மூஸ்’ ‘மவுஸ்’ ஆயிற்று, நான்கு ‘சூண்ட்’களும் ‘சவுண்ட்’ ஆயின. ஒலி மாற்றம் பொருளைக் கேட்டு நடப்பதில்லை.

இவ்வளவும் நமக்குத் தெரிவது ஏட்டுச் சான்றுகளால். லண்டன் மொழியியல் கழகம் 1857இல் தொடங்கிய முயற்சி, ஜேம்ஸ் மர்ரேயின் தலைமையில் 1884இல் ஆக்ஸ்ஃபோர்டு அகராதியின் முதல் பகுதியாக வெளிவந்து, அவர் மறைந்து பதின்மூன்று ஆண்டுகளுக்குப் பின் 1928இல் நிறைவுற்றது. ஊர் பேர் தெரியாத ஆயிரக்கணக்கான வாசகர்கள் பழைய நூல்களிலிருந்து வாக்கியங்களைத் துண்டுச் சீட்டுகளில் எழுதி அனுப்பினார்கள். ஒவ்வொரு சொல்லும் எந்த ஆண்டில், எந்த எழுத்தில், எந்தப் பொருளில் வந்தது என்பதை அந்தச் சீட்டுகள் காட்டின. அதனால்தான் அகராதியில் ஒரே எழுத்துள்ள தலைச்சொற்களுக்கு மேல் சிறு எண் போட்டுப் பிரிக்கிறார்கள்.

பிரிவினை அறியாவிட்டால் பொருள் தவறும். தும்பாவிலிருந்து 1963 நவம்பர் 21 அன்று ஏவப்பட்ட ‘சவுண்டிங் ராக்கெட்’டுக்கும் ஓசைக்கும் தொடர்பில்லை. வளிமண்டலத்தைத் துழாவிப் பார்ப்பது அதன் வேலை. ஆழம் பார்க்கும் கயிற்றின் பெயரே அதற்கு வந்திருக்கிறது. பேச்சுத் தமிழும் இரு சொற்களைத் தனித்தனியாகவே வாங்கியிருக்கிறது. ‘சவுண்டு விடாதே’ என்பதில் லத்தீன் சொல். பசையுள்ள ஆளைச் ‘சவுண்டு பார்ட்டி’ என்பதில் ஜெர்மானியச் சொல்.

ஓசை ஒத்துப்போனால் உறவு கொண்டாடும் ஆசை நம்மிடமும் பலமாக இருக்கிறது. இரண்டு மொழிகளில் ஒத்து ஒலிக்கும் சொற்களைப் பக்கத்தில் வைத்துவிட்டு ஆராய்ச்சி முடிந்தது என்கிறோம். ஒரே மொழிக்குள், ஒரே எழுத்துக்கூட்டோடு நிற்கும் சொற்களே உறவினர் அல்ல என்று சவுண்ட் காட்டுகிறது. எழுத்தால் தொலைவில் நிற்கும் ‘ஸ்விம்’ உறவாக இருக்கிறது. கல்வெட்டும் சுவடியும் உரைகளும் இவ்வளவு வளமாகக் கிடைத்த தமிழுக்கு, ஆண்டு வாரியாகச் சான்று அடுக்கி, ஒவ்வொரு சொல்லின் வரலாற்றையும் சொல்லும் முழுமையான அகராதி வேண்டும். அந்தப் பணிக்குச் செலவிடும் உழைப்பு, காதுக்கு இனிய ஊகங்கள் நூறைவிடத் தமிழுக்குப் பெருமை சேர்க்கும்.