கல்வெட்டுகள் போற்றும் எளிமை

யாழ்ப்பாணத்திலே ஒருவர் இறந்து முப்பத்தோராம் நாள் அவர் நினைவாக வெளியிடப்பெறும் சிறு நூலைக் 'கல்வெட்டு' என வழங்குகிறோம். தோத்திரப் பாடல்கள், திதி வெண்பா, வாழ்க்கை வரலாறு, மனைவி மக்கள் புலம்பல் என அதற்கென ஓர் அமைப்பு உண்டு. இலக்கிய வரலாற்றாசிரியர் இதனைப் பெரும்பாலும் பொருட்படுத்துவதில்லை. கவிதை என்ற முறையில் அதிற் பெரும்பகுதி பொருட்படுத்தத்தக்கதுமன்று. ஆயினும், ஒரு சமூகம் எதனை மேன்மையெனக் கருதுகின்றது, எதனைச் சொல்லாது விடுகின்றது என்பதை அறிய விரும்பும் திறனாய்வாளனுக்கு இதைவிட நல்ல சான்று கிடைத்தல் அரிது. காவியம் பாடும் புலவன் தன் கருத்தைப் பாடலாம். கல்வெட்டுப் பாடுபவனோ ஊரின் கருத்தையே பாடுகிறான்.

காணியும் காசும் நிரம்பப் பெற்றிருந்த ஒருவரைப்பற்றிய கல்வெட்டிலே பெரும்பாலும் வந்து அமரும் வாசகம் ஒன்றுண்டு. 'செல்வந்தராக இருந்தும் எளிமையாக வாழ்ந்தார்' என்பதே அது. நாலு முழ வேட்டி, தோளிலே சால்வை, மடியிலே கொட்டப்பெட்டி, செருப்பில்லாத கால்: இப்படி ஒரு சித்திரம் எழுகின்றது. அதைப் படிக்கும் நமக்கும் நெஞ்சு நெகிழ்கின்றது. இன்று அந்நெகிழ்ச்சிக்குத் தனிக் காரணமும் உண்டு. 2009 இல் யுத்தம் முடிந்த பின்னர், வெளிநாட்டுப் பணத்தின் துணையோடு நடைபெறும் பூப்புனித நீராட்டு விழாக்களையும், மண்டபம் கொள்ளாத திருமணங்களையும், ஆளில்லாமற் பூட்டிக்கிடக்கும் மாடி வீடுகளையும் பார்த்துச் சலித்தவர்கள், 'பழைய பணக்காரர் எப்படி இருந்தார்கள்!' என்று பெருமூச்சு விடுகின்றனர். அப்பெருமூச்சுக் கட்டுரைகளாகவும் சிறுகதைகளாகவும் வெளிவருகின்றது. ஆதலின் அவ்வெளிமையை நெருங்கிப் பார்ப்பது எமது கடமையாகின்றது.

வாசகத்தின் உயிர் 'இருந்தும்' என்ற சொல்லிலே தங்கியுள்ளது. செல்வம் இருந்தால் ஆடம்பரம் இயல்பு. அவ்வியல்பை இவர் தம் மனவலிமையால் வென்றார் என்பது அதன் பொருள். என் கருத்தோ வேறு. பெரும்பாலான இடங்களில் அச்சொல்லை நீக்கி 'இருந்தபடியால்' என்று எழுதினாலே வாக்கியம் உண்மையாகும். செல்வம் இருந்தபடியாலேயே அவர் எளிமையாக வாழ முடிந்தது; எளிமையாக வாழ்ந்தபடியாலேயே செல்வம் அவரிடம் நிலைத்தது.

முதலில் நியாயமானதைச் சொல்லிவிட வேண்டும். யாழ்ப்பாணக் குடாநாட்டிலே வற்றாத ஆறு இல்லை. சுண்ணக்கற் பாறையைக் குடைந்து கிணறு வெட்டி, துலா மிதித்து நீரிறைத்து, புகையிலையும் வெங்காயமும் விளைத்த மண் இது. ஒரு வாளித் தண்ணீரின் விலையைத் தோள்வலியால் அறிந்தவனுக்குச் சிக்கனம் இயற்கையாகவே வரும். பாடுபட்டவனுடைய சிக்கனத்தை எவரும் பழிக்க முடியாது. ஆனால் கல்வெட்டுகள் புகழ்பவர் எல்லோரும் துலா மிதித்தவர்கள் அல்லர். பிறர் மிதித்த துலாவின் பயனை அனுபவித்தோரும் அவர்களிற் பலர்.

அடுத்து, சொத்துப்பற்றிய எமது வழமையை நோக்குதல் வேண்டும். 1706 ஆம் ஆண்டளவில் ஒல்லாந்த அதிகாரியான கிளாஸ் ஐசாக்ஸ் தொகுத்த தேசவழமை, சொத்தை முதுசம், சீதனம், தேடியதேட்டம் என வகுத்துக் கூறுகின்றது. இப்பாகுபாட்டிலே ஒரு வாழ்க்கை நோக்கு அடங்கியுள்ளது. முதுசம் முன்னோரிடமிருந்து வந்தது. சீதனம் மகளோடு போவது. தேடியதேட்டமும் அடுத்த தலைமுறைக்கு முதுசமாகவோ சீதனமாகவோ மாறவேண்டியது. வேட்டி கட்டிய அம்மனிதர் தம் செல்வத்தின் உடைமையாளர் என்பதிலும் அதன் காவற்காரர் என்பதே பொருந்தும். அவர் அணியாத பட்டுச் சால்வை மகளின் சீதன உறுதியிலே ஒரு பரப்புக் காணியாகச் சேர்ந்தது. அவர் ஏறாத கார் மகனின் கல்லூரிக் கட்டணமாயிற்று. அக்கல்வி உத்தியோகமாகி, அவ்வுத்தியோகம் மீண்டும் சீதனச் சந்தையிலே விலைபேசப்பட்டது. அவர் செலவைத் துறந்தவர் அல்லர். செலவிடும் இடத்தை மாற்றிக்கொண்டவர். ஆண்டு முழுவதும் மறைந்திருந்த செல்வம் நொத்தாரிசின் முன்னிலையில் ஒரே நாளில் வாய்திறந்து பேசிற்று. அது பேசிய பேச்சிலே, சீதனம் கொடுக்க வகையற்ற வீட்டுப் பெண்களின் வாழ்வு எத்தனையோ தலைமுறைகளாக முடங்கிற்று. இதைக் கல்வெட்டு சொல்வதில்லை.

மூன்றாவது காரணம் கிராமத்தின் அமைப்பிலே உள்ளது. அமெரிக்க அறிஞர் தோர்ஸ்ரைன் வெப்லன், ஓய்வுடை வர்க்கத்தைப்பற்றி 1899 இல் வெளியிட்ட நூலிலே, பணத்தைப் பலர் காணச் செலவிடும் வழக்கம் நகரத்திலே மிகுவதேன் என விளக்கினார். நகரில் எதிர்ப்படுவோர் அந்நியர். அவர்களுக்கு ஒருவனுடைய தகுதியை அறிவிப்பது உடையும் ஊர்தியுமே. சிறு கிராமத்திலோ அத்தேவை குறைவு. எந்த வளவு எவருடையது, எந்தத் தோட்டம் ஈட்டில் இருக்கிறது, எவர் எவருக்குக் கடன்பட்டார் என்பதெல்லாம் ஊருக்குத் தெரியும். கோயிலிலே முதல் மரியாதை எவருக்கு என்பதும் தெரியும். சட்டை இல்லாமல் வீதியில் நடந்தாலும் அவர் தம் நிலத்தையும் சாதியையும் அணிந்துகொண்டே நடந்தார். அவ்வுடைக்கு மேல் வேறோர் உடை எதற்கு?

எளிமை தொழிலுக்கும் உதவும். இதற்குச் சிறந்த சான்று, கொழும்பு செட்டியார் தெருவிலும் பர்மாவிலும் வட்டித் தொழில் நடத்திய நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள். தரையிற் பாய் விரித்து, பெட்டகத்தின் அருகே, வெற்று மார்போடு அமர்ந்து இலட்சக்கணக்கில் வரவுசெலவு பார்த்தவர்கள் அவர்கள். அவர்களுடைய கடைக்குள் நுழையும் அந்நியனுக்கு முதலாளி யார், கணக்கப்பிள்ளை யார் என்பது எளிதிற் புலப்படாது. தன் பணத்தைப் பகட்டிலே கரைக்காதவனிடம் பிறர் தம் பணத்தை நம்பிக் கொடுப்பர்; அவ்வெளிமையே ஒரு பிணைப்பொருள். பர்மாவின் நெல் விளையும் முக்கிய மாவட்டங்களிலே 1930 இல் நூற்றுக்கு 6 பங்கு நிலம் செட்டியார் கைவசம் இருந்தது. உலகப் பொருளாதார மந்தம் வந்து நெல்விலை வீழ்ந்து கடன்கள் மூழ்கியபின், 1938 அளவிலே அது நூற்றுக்கு 25 பங்காயிற்று. நிலமிழந்த பர்மிய உழவனுக்கு, வட்டிக்காரர் சட்டை அணிந்திருந்தாரா இல்லையா என்பது ஒரு பொருட்டாக இருந்திருக்குமா? காரைக்குடிப் பகுதியிலே பர்மாத் தேக்காலும் இத்தாலியச் சலவைக்கல்லாலும் எழுந்த மாளிகைகள், எளிமைக்கு ஓர் எல்லை உண்டு என்பதையும் காட்டி நிற்கின்றன.

இது தமிழருக்கு மட்டும் உரிய தந்திரமன்று. உலகின் பெருஞ்செல்வருள் ஒருவரான வாரன் பஃபெற், 1958 இல் ஒமாகா நகரிலே 31,500 டொலருக்கு வாங்கிய வீட்டிலேயே வாழ்ந்துவந்தது பத்திரிகைகள் அலுக்காது சொல்லும் கதை. மார்க் சக்கர்பேர்க் நாள்தோறும் அணிந்த சாம்பல் நிற ரீசேட்டும் அவ்வாறே புகழ்பெற்றது. பஃபெற் தம் செல்வத்தின் பெரும்பகுதியை அறக்கொடைக்கு ஒதுக்கியமை மெய். எனினும் வாசகன் பெறும் போதனை வேறு: உழைப்பவனும் பெருமுதலாளியும் ஒரே மாதிரி உடுக்கிறார்கள், ஆகவே அவர்களிடையே பெரிய வேறுபாடு இல்லை. உடையிலே தோன்றும் சமத்துவம், உடைமையிலே உள்ள சமத்துவமின்மைக்குத் திரையாகின்றது.

ஆயினும் எமது குடாநாட்டு எளிமையிலே, அமெரிக்கச் செல்வரின் எளிமையில் இல்லாத ஒரு கொடுமை உண்டு. இங்கே எளிமை ஒரு சாராருக்கு விருப்பம்; மற்றொரு சாராருக்குக் கட்டளை. ஒடுக்கப்பட்ட சாதியினர் மேலுடம்பை மூடுதல் ஆகாது, பொற்தோடு அணிதல் ஆகாது, செருப்பு அணிதல் ஆகாது, குடை பிடித்தல் ஆகாது, சைக்கிளோ காரோ வைத்திருத்தல் ஆகாது, பஸ்ஸிலே ஆசனத்தில் அமர்தல் ஆகாது என்றெல்லாம் கட்டுப்பாடுகள் இருந்தன. பெண்களும் அவற்றுக்கு விலக்கல்லர். இக்கட்டுப்பாடுகளை மீறியோர் அடிபட்டனர், குடிசைகள் எரிந்தன. செல்வர் சட்டையைக் கழற்றி வைத்தபோது அது பண்பு எனப்பட்டது. கூலிக்காரன் சட்டையை எடுத்து அணிந்தபோது அது திமிர் எனப்பட்டது. துணி ஒன்றுதான்; அதனை அணியவும் களையவும் உரிமை பெற்றவர் யார் என்பதே வேறுபாடு. துறப்பதற்கு முதலில் உடைமை வேண்டும். அணியும் உரிமை இல்லாதவனுக்கு அணியாமை அறமாகாது. அது வடுவே ஆகும்.

'நிறைகுடம் தளம்பாது' என்று கல்வெட்டுக்காரர் எழுதுவர். உண்மைதான். ஆனால் அக்குடம் எந்தக் கிணற்றிலே நிறைந்தது, அக்கிணற்றில் அள்ளக்கூடாதென்று தடுக்கப்பட்டு வெறுங்குடத்தோடு கரையிற் காத்துநின்றோர் யாவர் என்ற வினாக்கள் எஞ்சுகின்றன. 1957 ஆம் ஆண்டின் சமூகக் குறைபாடுகள் ஒழிப்புச் சட்டம் அத்தகைய தடைகளைக் குற்றமாக்கியது. சட்டம் வந்தும் 1966 ஒக்டோபர் 21 இல் சுன்னாகத்திலிருந்து ஊர்வலம் புறப்பட வேண்டியிருந்தது. 1968 இல் மாவிட்டபுரம் கோயில் வாசலிலே மக்கள் நாட்கணக்காக நிற்க வேண்டியிருந்தது. அவ்வாசலை மறித்தோருள்ளும் வெற்று மார்பும் திருநீறும் எளிய வேட்டியுமாக நின்றோர் பலர்.

அப்படியானால் எளிமை அனைத்தும் வேடமா? அல்ல. 1921 இல் மதுரையிலே காந்தியடிகள் தம் உடையை அரைத்துணியாகக் குறைத்தார். ஏழை அணிவதற்கு மேல் தாம் அணிவதில்லை என்ற உறுதி அதில் இருந்தது. 1927 நவம்பரில் அவரை யாழ்ப்பாணத்துக்கு வரவழைத்த வாலிபர் காங்கிரஸ், தேசிய உடையையும் உள்ளூர் உற்பத்தியையும் ஆதரித்ததோடு நில்லாது, தீண்டாமையை எதிர்த்தது. சமபோசனத்தையும் சம ஆசனத்தையும் வற்புறுத்தியது. பாடசாலைகளிலே எல்லாப் பிள்ளைகளும் ஒரே வாங்கில் இருக்க வேண்டும் என்ற விதி 1930 அளவில் வந்தபோது, பாடசாலைகள் சில தீக்கிரையாயின. கதரை ஏற்றுக்கொண்டோரிற் பலர் வாங்கை ஏற்றுக்கொள்ளவில்லை. ஆலைத் துணியைவிடக் கதர் விலை கூடியது. ஆயினும் வாங்கிலே சற்று ஒதுங்கி இடங்கொடுப்பதற்கு அதைவிடக் கூடிய விலை கொடுக்க வேண்டியிருந்தது. எளிமையை உரைக்கும் உரைகல் அந்த வாங்குதான்.

பழந்தமிழ் இலக்கியத்தை இவ்விடத்திலே துணைக்கு அழைப்போர் உளர். புறநானூற்றிலே நக்கீரனார் பாடிய 189 ஆம் பாட்டு அவர்களுக்கு விருப்பமானது. உலகாளும் வேந்தனுக்கும் விலங்கு தேடி இரவும் பகலும் அலையும் கல்லாதவனுக்கும் உணவின் அளவும் ஆடையின் எண்ணிக்கையும் ஒன்றே என்பது அதன் முற்பகுதிக் கருத்து. எளிமையைப் போற்றும் பாட்டாக இதைக் காட்டுவோர் பாதி வழியிலே நின்றுவிடுகின்றனர். புலவர் வேந்தனைக் குறைவாக உடுக்கும்படி கேட்கவில்லை. இருவர் தேவையும் ஒன்றேயாதலின், தேவைக்கு மிஞ்சியதைக் கொடுப்பதே செல்வத்தின் பயன் என முடிக்கின்றார். எளிமை அங்கே முடிவு அன்று, வாதத்தின் தொடக்கம். வள்ளுவரும் 'நன்றியில் செல்வம்' என்ற அதிகாரத்திலே, பெரும்பொருளைச் சேர்த்துத் தானும் துய்க்காது பிறர்க்கும் உதவாது வைத்திருப்பவனைச் செத்தவனோடு ஒப்பவே பேசுகின்றார். கல்வெட்டிலே புகழப்படும் சிக்கனம் வள்ளுவர் கையிலே குற்றமாகின்றது.

இன்னோர் எளிமையையும் இக்குடாநாடு கண்டது. 1990 இன் பின் பொருளாதாரத் தடை சவர்க்காரத்தையும் பெற்றோலையும் எட்டாப் பொருளாக்கியது. 1995 ஒக்டோபர் 30 இரவு வலிகாமத்து மக்கள் கையிலே அகப்பட்டதோடு ஒரே தெருவிலே நடந்தனர். காணிக்காரரும் கூலிக்காரரும் அன்று ஒரே கோலத்தில் நின்றனர். ஆனால் கோலம் ஒன்றாயினும் திரும்பிச் செல்வதற்கான உறுதிப் பத்திரம் எல்லோர் பையிலும் இருக்கவில்லை. இடம்பெயர்ந்தோர் முகாம்களிலே நெடுங்காலம் எஞ்சியிருந்தவர்களுட் காணியற்ற ஒடுக்கப்பட்டோர் மிகுதியாக இருந்தமை இதற்குச் சான்று.

ஆகவே, இன்றைய ஆடம்பரத்தை வெறுக்கும் இளம் எழுத்தாளர் பழைய எளிமையிடம் புகலடைதல் கூடாது. இரண்டும் ஒரே பெட்டகத்தின் இரு பூட்டுகள்; ஒன்று மின்னுகிறது, மற்றது துருப்பிடித்திருக்கிறது, அவ்வளவே. கதையிலே ஒரு செல்வருக்கு நாலு முழ வேட்டி கட்டிவிட்டாற் போதும், வாசகன் அவரை நல்லவர் என்று கொள்வான் என நம்பும் எழுத்து, கல்வெட்டின் தரத்தைத் தாண்டமாட்டாது. அவர் எத்தனை முழம் உடுத்தார் என்பதோடு, தம் தோட்டத்திலே இறைத்தவனுக்கு என்ன கூலி கொடுத்தார், தம் காணியிற் குடியிருந்தவனுக்கு உறுதி எழுதிக் கொடுத்தாரா, தம் வளவுக் கிணற்றிலே எவரெவர் அள்ளினர், மருமகளின் வீட்டாரிடம் என்ன கேட்டார் என்பவற்றையும் எழுதட்டும். அவற்றையும் எழுதி, அதன்பின்னும் 'எளிமையாக வாழ்ந்தார்' என்று ஒருவரைப்பற்றிச் சொல்ல முடியுமானால், அக்கல்வெட்டை இலக்கியமாகவே ஏற்றுக்கொள்ளலாம்.