யூசேபியஸ்: சோற்றில் மறைத்த பூசணிக்காய்

கிறிஸ்தவத்தின் முதல் முந்நூறு ஆண்டுகளைப் பற்றி யார் எழுதினாலும் செசரியா ஆயர் யூசேபியஸைத் தாண்டிப் போக முடியாது. பத்துப் புத்தகங்களாக அவர் எழுதிய 'திருச்சபை வரலாறு', பேரரசர் கான்ஸ்டன்டைன் 337-இல் இறந்தபின் எழுதிய 'கான்ஸ்டன்டைனின் வாழ்க்கை' இரண்டையும் சமீபத்தில் அடுத்தடுத்து வாசித்தேன். பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒரு ஆள் நடுவில் காணாமல் போயிருப்பது தெரியும்.

அவர் கிரிஸ்பஸ், கான்ஸ்டன்டைனின் மூத்த மகன். 324-இல், கிழக்கை ஆண்ட லிசினியஸுடன் நடந்த போரில் கப்பற்படைக்குத் தலைமை தாங்கி ஹெலஸ்பாண்ட் நீரிணையில் வென்றவர். 'திருச்சபை வரலாறு' பத்தாம் புத்தகத்தின் முடிவில் அப்பாவும் மகனும் சேர்ந்து பெற்ற வெற்றி என்று யூசேபியஸ் அவரைக் கொண்டாடுகிறார். 326-இல் அப்பாவின் உத்தரவாலேயே கிரிஸ்பஸ் கொல்லப்பட்டார்.

அப்புறம் வந்த 'வாழ்க்கை' நூலைப் பாருங்க. அதே போர் விரிவாக வருகிறது. கிரிஸ்பஸ் பெயர் ஒரு இடத்திலும் இல்லை. கான்ஸ்டன்டைனுக்கு மூன்று மகன்கள், அது திரித்துவத்தைப் போல என்று ஓர் ஒப்புமை வேற. மூத்தவன் கணக்கிலேயே வரவில்லை! முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்பார்களே, அதுதான் இது.

லிசினியஸுக்கும் ஏறக்குறைய இதே கதை. கான்ஸ்டன்டைனுடன் நட்பாக இருந்த காலத்தில் இருவரும் சேர்ந்தே புகழப்படுகிறார்கள். தோற்ற பிறகு லிசினியஸ் பைத்தியம் பிடித்த கொடுங்கோலன் ஆகிவிடுகிறார். யூசேபியஸ் தன் நூலைத் திருத்தித் திருத்தி வெளியிட்டவர். அதனால் சில கையெழுத்துப் பிரதிகளில் பழைய பாராட்டும், சிலவற்றில் புதிய வசையும் மிஞ்சியிருக்கின்றன.

இதை அவர் முழுக்க ஒளித்துச் செய்தார் என்றும் சொல்ல முடியாது. 303-இல் தொடங்கிய டயோக்ளீஷியன் துன்புறுத்தலை விவரிக்கும் எட்டாம் புத்தகத்தில், விசுவாசத்தை விட்டு விழுந்தவர்களைப் பற்றியும் ஆயர்களின் சண்டைகளைப் பற்றியும் எழுதப் போவதில்லை, நமக்கும் பின்வருவோருக்கும் பயன்படுவதை மட்டுமே எழுதுவேன் என்கிறார். பதினெட்டாம் நூற்றாண்டில் கிப்பன் இந்த இடத்தைத்தான் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். பத்தொன்பதாம் நூற்றாண்டில் புர்க்ஹார்ட் இன்னும் ஒரு படி மேலே போய், பண்டைய உலகின் முதல் முழு நேர்மையற்ற வரலாற்றாசிரியர் இவர்தான் என்றே தீர்ப்பு எழுதிவிட்டார்.

இங்கதான் எனக்கு ஒரு தயக்கம். கிரேக்க வரலாற்றாசிரியர்கள் ஒரு தளபதி என்ன பேசியிருப்பார் என்று தாங்களே உரை எழுதி அவர் வாயில் வைப்பார்கள். அது அந்தக் காலத்து வழக்கம். யூசேபியஸ் வேறு வழியில் போனார். ஓரிஜென் காலத்திலிருந்து சேர்ந்து, பாம்பிலஸ் கட்டிக் காத்த செசரியா நூலகம் அவர் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. கடிதங்களையும் பழைய நூல்களின் பகுதிகளையும் அப்படியே எடுத்து ஒட்டினார். 177-இல் லியோன் நகரத்தில் நடந்த துன்புறுத்தல் பற்றி அந்தச் சபையே எழுதிய கடிதம் அவர் வழியாக மட்டும்தான் நமக்குக் கிடைத்திருக்கிறது.

சரி, ஒட்டியதையும் திருத்தியிருந்தால்? இந்தச் சந்தேகமும் வந்தது. 'வாழ்க்கை' நூலில் உள்ள கான்ஸ்டன்டைனின் கடிதங்கள் போலி என்று பல அறிஞர்கள் நினைத்தார்கள். 1954-இல் ஏ.எச்.எம். ஜோன்ஸ் ஒரு விஷயத்தை வெளியிட்டார். லண்டனில் இருந்த, கான்ஸ்டன்டைன் காலத்தையே சேர்ந்த ஒரு பாப்பிரஸ் துண்டில், யூசேபியஸ் மேற்கோள் காட்டும் அரச கடிதம் ஒன்றின் ஒரு பகுதி இருந்தது. இரண்டும் பொருந்தின.

ஆக, அவர் காட்டும் காகிதத்தை நம்பலாம். அடைமொழிகளையும் மௌனங்களையும்தான் சந்தேகப்பட வேண்டும். இந்த அளவுகோலை வானத்துச் சிலுவைக் கதையில் வைத்துப் பாருங்க. 312-இல் நடந்த மில்வியன் பாலப் போர் 'திருச்சபை வரலாறு' ஒன்பதாம் புத்தகத்தில் வருகிறது. வானத்தில் சிலுவை இல்லை. போர் முடிந்து சில ஆண்டுகளில் எழுதிய லக்டான்டியஸ் ஒரு கனவை மட்டும் சொல்கிறார். கால் நூற்றாண்டு கழித்து வந்த 'வாழ்க்கை' நூலில்தான் சூரியனுக்கு மேலே ஒளிச் சிலுவை தோன்றுகிறது. இதற்கு ஆவணம் எதுவும் இல்லை, பேரரசரே சத்தியம் செய்து சொன்னாராம். வேறு யாராவது சொல்லியிருந்தால் நம்புவது கஷ்டம் என்று யூசேபியஸே ஒப்புக்கொள்கிறார்.

ஏன் இப்படி? அவர் ஆசானாக வரித்துக்கொண்ட பாம்பிலஸ் 310-இல் கொல்லப்பட்டார். கிறிஸ்தவர்கள் கொல்லப்படுவதை யூசேபியஸ் கண்ணாலேயே பார்த்தவர். பதினைந்து வருஷம் கழித்து, நைசியா சபை கூடிய 325-இல், பேரரசரின் இருபதாம் ஆட்சியாண்டு விருந்துக்கு ஆயர்கள் போகிறார்கள். உருவிய வாளோடு நிற்கும் காவலர்களுக்கு நடுவே பயமில்லாமல் நடக்கிறார்கள். கிறிஸ்துவின் ராஜ்யத்தையே பார்ப்பது போல இருந்தது என்று எழுதுகிறார். அந்த நன்றி எனக்குப் புரிகிறது. அதற்காக, கொல்லப்பட்ட ஒருவனின் பெயரையும் சேர்த்து விழுங்கியதை என்னால் மன்னிக்க முடியவில்லை.

அவரை வாசிக்காமல் ஒதுக்கிவிடலாமா என்றால், கூடாது. கிரிஸ்பஸை அவர் மறைத்தார் என்று இன்றைக்கு நாம் சொல்ல முடிவதே, அதே கையால் எழுதிய பழைய பக்கம் பிழைத்து வந்திருப்பதால்தான்.