இடம் நிரப்ப வந்த பாட்டுகள்

அமெரிக்க விற்பனைப் பட்டியலில் முதலிடத்துக்கு வந்த முதல் ராக் அண்ட் ரோல் ஆல்பம், எல்விஸ் பிரெஸ்லி தன் பெயரிலேயே 1956 மார்ச்சில் வெளியிட்ட முதல் ஆல்பம். பத்து வாரம் அது அந்த இடத்தை விட்டு அசையவில்லை. இதை யாரும் மறுக்க முடியாது. ஆனால் அந்த விற்பனைப் பெருமையை அப்படியே இசையின் கணக்கிலும் வரவு வைப்பதுதான் வழக்கமாகிவிட்டது. பன்னிரண்டு பாட்டும் சேர்ந்து அரை மணி நேரம்கூட வராது. ஒவ்வொன்றாகக் கேட்டால் கணக்கு மாறுகிறது.

இது திட்டமிட்டுச் செய்த ஆல்பமே அல்ல. 1955 நவம்பரில் ஆர்.சி.ஏ. விக்டர் நிறுவனம், மெம்பிஸில் இருந்த சிறிய சன் ரெக்கார்ட்ஸிடம் 35,000 டாலர் கொடுத்து எல்விஸின் ஒப்பந்தத்தை வாங்கியது. அந்தக் காலத்தில் அது பெரும்பணம். போட்டதை எடுத்தாக வேண்டும். அடுத்த ஜனவரியில் நாஷ்வில்லிலும் நியூயார்க்கிலும் பதிவானவற்றில் ஏழு பாட்டைப் பொறுக்கினார்கள். அந்தப் பதிவுகளிலேயே பெரிய வெற்றியான 'ஹார்ட்பிரேக் ஹோட்டல்' தனித்தட்டாகவே விற்றது, ஆல்பத்தில் இல்லை. மீதி ஐந்துக்கு, சன் முதலாளி சாம் பிலிப்ஸ் 1954, 55இல் பதிவு செய்து வெளியிடாமல் வைத்திருந்த ஒலிநாடாக்கள் கைகொடுத்தன.

கொண்டாடுகிறவர்கள் பெரும்பாலும் ஜனவரியில் பதிவான அந்த ஏழு பாட்டைத்தான் சொல்வார்கள். தொடக்கப் பாட்டு 'புளூ ஸ்வேட் ஷூஸ்'. கார்ல் பெர்கின்ஸ் எழுதிப் பாடியதில், காலணிக்காக ஊரையே மிரட்டும் இளைஞனின் அரைக் கேலி இருக்கும். எல்விஸ் அதை ஓட்டமாக ஓட்டுகிறார். ஸ்காட்டி மூரின் கிதார் துள்ளுகிறது, கேலி மட்டும் வழியில் எங்கோ விழுந்துவிடுகிறது. இருந்தாலும் நல்ல தொடக்கம்தான்.

'டுட்டி ஃப்ருட்டி'க்கு அந்தச் சலுகையும் கிடையாது. லிட்டில் ரிச்சர்ட் 1955இல் நியூ ஆர்லியன்ஸில் பாடிய மூலத்தில் சாக்ஸபோன்களும் ஏர்ல் பாமரின் டிரம்ஸும் பின்னாலிருந்து நெட்டித் தள்ள, தொண்டை கிழிந்தாலும் பரவாயில்லை என்று அவர் கத்துகிறார். எல்விஸ் வேகத்தைப் பிடித்துக்கொண்டார், வெறி வரவில்லை. பாடத்தை ஒப்பித்துவிட்டு உட்காரும் மாணவனின் அவசரம்தான் கேட்கிறது. ரே சார்ல்ஸின் 'ஐ காட் எ வுமன்' இதைவிட மேல். கடைசியில் தாளத்தைச் சட்டென்று பாதியாகக் குறைத்து இழுத்துப் பாடுகிறாரே, அந்தச் சில விநாடிகளில் பாட்டு அவருடையதாகிறது. 'ஐம் கவுண்டிங் ஆன் யூ'வைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை.

இப்போது 'புளூ மூன்'. ராட்ஜர்ஸும் ஹார்ட்டும் 1934இல் எழுதியதில் தனியாக நிற்கிற ஒருவனுக்குக் காதல் கிடைக்கிறது, நிலவு பொன்னிறமாகிறது, சுபம். 1954 ஆகஸ்டில், பத்தொன்பது வயதில், எல்விஸ் இதன் நடுப்பகுதியையும் மகிழ்ச்சியான முடிவையும் அப்படியே விட்டுவிட்டார். தனிமை மட்டும் மிச்சம். அந்த வரிகளுக்கு இடையே சொல்லே இல்லாத ஒரு கள்ளக்குரல் ஓலம். பின்னால் குதிரைக் குளம்படி போல மந்தமான தட்டலும் அடங்கிய கிதாரும் எதிரொலியும்தான். காதலி வருவாளா என்ற கேள்விக்கு இந்தப் பாட்டில் பதில் இல்லை. இதை ராக் அண்ட் ரோல் என்று சொல்ல முடியாது. நாட்டுப்புறப் பாட்டு, புளூஸ் என்றும் ஒதுக்க முடியாது. பிலிப்ஸ் வெளியிடத் தயங்கியதற்கு அதுவே காரணமாக இருக்கலாம். ஆல்பத்தின் உச்சம் இதுதான்.

'டிரையிங் டு கெட் டு யூ' அதற்கு அடுத்தபடி. ஈகிள்ஸ் என்ற கறுப்பினப் பாடகர் குழுவின் பாட்டு. பிற்காலத்து ராக் குழுவோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். இதில் எல்விஸ் யாரையும் நகல் எடுக்கவில்லை. தேவாலயத்தில் கேட்டதும் வானொலியில் கேட்டதும் அவர் குரலில் ஒன்றாகக் கலந்து வருகின்றன.

கறுப்பர்களின் இசையைத் திருடியவர் என்ற குற்றச்சாட்டையும் இங்கேதான் எடைபோட வேண்டும். தட்டில் பாட்டெழுதியவர்களின் பெயர் இருக்கிறது, ஆகவே திருட்டு என்ற சொல் பொருந்தாது. ஆனால் சந்தை யாருக்குத் திறந்தது? அடுத்த ஆண்டு வந்த 'ஹியர்ஸ் லிட்டில் ரிச்சர்ட்' பட்டியலில் 13ஆம் இடத்தோடு நின்றது. முதல் ஆல்பம் என்ற அளவில் அது எல்விஸுடையதைவிடச் சிறந்தது. தொடக்கம் முதல் கடைசி வரை ஒரே மனிதரின் ஒரே தீ. அநீதி அந்த நாட்டின் நிறவெறியில் இருந்தது. அதன் பலன் எல்விஸுக்குப் போய்ச் சேர்ந்தது.

அட்டையைச் சொல்லாமல் விட முடியாது. 1955 ஜூலையில் ஃபுளோரிடாவின் டாம்பாவில் எடுத்த கறுப்பு வெள்ளைப் படம்: கண்ணை மூடி, வாயைத் திறந்து, கிதாரோடு ஓர் இளைஞன், இளஞ்சிவப்பிலும் பச்சையிலும் பெயர். 1979இல் கிளாஷ் குழு தன் 'லண்டன் காலிங்' ஆல்பத்துக்கு அதே எழுத்தமைப்பை எடுத்துக்கொண்டது. உள்ளே இருக்கும் பாதிப் பாட்டைவிட அட்டையில்தான் ராக் அண்ட் ரோல் அதிகம்.

வரலாற்று ஆவணமாக இந்த ஆல்பத்தின் இடம் அசையாதது. இசையாக இது ஏற்றத்தாழ்வான ஒட்டுவேலை. புதிதாகப் பதிவு செய்த ஏழில் இரண்டு மூன்றுதான் மறுபடி கேட்கத் தூண்டும். எண்ணிக்கைக்காகச் சேர்த்த பழைய ஐந்தில்தான் அதன் மிகச் சிறந்த இரண்டும் இருக்கின்றன. அந்த ஐந்தையும் எல்விஸின் சன் தனித்தட்டுகளோடு சேர்த்து ஆர்.சி.ஏ. நிறுவனமே 1976இல் 'தி சன் செஷன்ஸ்' என்று வெளியிட்டது. எல்விஸைப் புதிதாகக் கேட்கப் போகிறவர்கள் அதிலிருந்து தொடங்குங்கள்.