எதிர்கால வினைமுற்றில் எழுதப்படும் இலக்கியம்: ஊவாத் தோட்டப் பாடசாலைகளும் ஆசிரியர் பகிரும் பாடக்குறிப்புகளும்

விமர்சனம் என்றதும் கதை, கவிதை, நாடகம் ஆகியவற்றையே நாம் நினைக்கின்றோம். ஆனால் பசறையிலோ லுணுகலையிலோ உள்ள ஒரு தோட்டப் பாடசாலையில் மிகுதியாக வாசிக்கப்படும் தமிழ் எழுத்து எது என வினவின், அது சிறுகதையன்று. ஆசிரியர் ஒருவர் எங்கோ தயாரித்து, மற்றோர் ஆசிரியருக்கு அனுப்பி, அவர் பிரதிசெய்து மாணவர் கையிற் கொடுத்த பாடக்குறிப்பும் மாதிரி வினாத்தாளுமேயாகும். இத்துணைப் பரவலாக வாசிக்கப்படும் ஓர் எழுத்துவகை விமர்சகர் கண்ணிற் படாதிருப்பது வியப்புக்குரியது. அதனை எழுத்தாகவே கொண்டு நோக்குவது இக்கட்டுரையின் எண்ணம்.

இப்பகிர்வு ஏன் தோன்றியது என்பதை முதலில் மனங்கொள்ளல் வேண்டும். 1975இல் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1977 முதற்கொண்டே தோட்டப் பாடசாலைகளை அரசு படிப்படியாகப் பொறுப்பேற்றது. அதற்கு முன்னர், ஒரே மண்டபத்தில் ஐந்து வகுப்புகளையும் ஒருவரே நடத்திய ஓராசிரியர் பாடசாலைகளே மிகுதி. அவ்வாசிரியர் தம் தொழில் பற்றிப் பேசுதற்கு இன்னோர் ஆசிரியரைக் காண்பதே அரிது. பின்னர் ஆசிரியர் தொகை பெருகியது. தனிமை முற்றாக நீங்கவில்லை. றோணியோ செய்த தாள்கள் பதுளை நகரிலிருந்து பேருந்தில் மலையேறிய காலம் ஒன்றிருந்தது. இன்று அதே தாள்கள் அலைபேசிவழி வாட்ஸ்அப் குழுக்களில் வருகின்றன.

2020 மார்ச்சில் பாடசாலைகள் மூடப்பட்டபோது இப்பழக்கம் பேருருக் கொண்டது. 2021இல் பதுளை மாவட்டத்துப் போஹிட்டியாவ என்னும் கிராமத்தில், மாணவரோடு ஆசிரியரும் காட்டுவழியே சென்று மலைப்பாறை மீதேறி அலைபேசிச் சமிக்ஞை தேடிய செய்தி உலகப் பத்திரிகைகளில் வெளிவந்தது. நாட்டின் 43 இலட்சம் மாணவருள் 40 வீதத்தினரே இணையவழிக் கல்வியிற் பங்குகொள்ள முடிந்தது என இலங்கை ஆசிரியர் சங்கம் அப்போது மதிப்பிட்டது. பாறையுச்சிவரை சென்று பெற்ற பொருள் எத்தகையது என்பதைப் பற்றி அன்று எவரும் அதிகம் கேட்கவில்லை.

அப்பொருளைச் சற்று நெருங்கி வாசிப்போம். பெரும்பகுதி கடந்தகால வினாத்தாள்கள், ஐந்தாந்தரப் புலமைப்பரிசில் பரீட்சைக்கான மாதிரிகள், விடைகள், புள்ளியிடும் திட்டங்கள். வாசிப்புப் பந்திகளிற் கடலும் பனையும் தேர்த்திருவிழாவும் வருகின்றன. இவை வருவதில் தவறில்லை. கடலைக் காணாத பிள்ளை கடலைப் பற்றி வாசிக்கவே வேண்டும். ஆனால் லயம், பிள்ளைக்காம்பரா, பெரட்டுக்களம், கொழுந்து என்னுஞ் சொற்களை வீட்டிற் பேசும் பிள்ளைக்கு, அவை தாளில் எழுதத்தகாத சொற்கள் என்னும் உணர்வை அத்தாள்கள் மெல்ல மெல்ல ஊட்டிவிடுகின்றன.

பாடக்குறிப்புகளின் நடையிற் குறிப்பிடத்தக்க இன்னோர் இயல்புண்டு. அவை எதிர்காலத்திலேயே எழுதப்படுகின்றன. ‘மாணவர் விளங்கிக்கொள்வர்’, ‘குழுவாகக் கலந்துரையாடுவர்’, ‘பட்டியற்படுத்துவர்’ - இவ்வாறே வினைமுற்றுகள் செல்லும். விளங்கிக்கொண்டனரா? எங்கே தடுமாறினர்? மூன்று வகுப்புகள் ஓர் அறையிலிருந்தபோது குழுவேலை என்னவாயிற்று? இறந்தகால வினைமுற்று ஒன்றையும் காணோம். அனுபவத்தை நீக்கிவிட்டு முடிவுப்பொருளை மட்டும் பகிரும் எழுத்து இது. ஒரு மருத்துவர் நோயாளியைப் பற்றி ஒன்றுங் கூறாது மருந்துச்சீட்டை மட்டும் நண்பருக்கு அனுப்புவதை ஒக்கும் என்றாற் சற்றுக் கடுமைதான், எனினும் பொருந்தும்.

பிரான்சியக் கிராமத்து ஆசிரியர் செலஸ்தேன் பிரெனே செய்தது ஈண்டு ஒப்புநோக்கத்தக்கது. தெற்கே பார்-சூர்-லூ என்னும் ஊரில் தம் வகுப்பிற் சிறு அச்சுப்பொறியொன்றை வைத்து, பிள்ளைகள் தம் வாழ்வைப் பற்றி எழுதியவற்றை அச்சிடச் செய்தார். 1926இல் வடமேற்கே பிரித்தானிக் கரையிலிருந்த திரேகங் பாடசாலையின் ஆசிரியர் ரெனே தானியேலுடன் அவற்றைப் பரிமாறத் தொடங்கினார். மலைநாட்டுப் பிள்ளைகளின் எழுத்து கடலோரத்திற் பாடமாயிற்று. கடலோர எழுத்து மலையிற் பாடமாயிற்று. வறிய இரு பாடசாலைகளும் கொடுத்தன, இரண்டும் பெற்றன. நம் பகிர்விலோ ஒரு புறம் கொழும்பும் யாழ்ப்பாணமும் கொடுக்கின்றன. மறுபுறம் ஊவா பெறுகின்றது.

மாதிரி வினாத்தாளை இகழ்வது எளிது, அது நியாயமுமாகாது. உயர்தர விஞ்ஞான, கணிதப் பாடங்களைத் தமிழிற் கற்பிக்க ஆசிரியர் இல்லாமை மலையகத்தின் நெடுநாட் குறை. அவ்வாறான இடத்துப் பௌதிகவியற் குறிப்பு ஆசிரியருக்குத் துணையன்று, ஆசிரியரே அதுதான். பரீட்சையைத் தவிர வேறு ஏணி இல்லாத பிள்ளையிடம் பரீட்சைத்தாளைப் பறித்துவிட்டுப் பண்பாடு பேசுதல் பட்டணத்தவர் செய்யும் வேலை.

ஆயினும் ஊவாவுக்கு அனுப்புவதற்கு ஒன்றுமில்லை என்பது பொய். ஏறத்தாழ நாலரைக் கிலோ பச்சைக் கொழுந்தே ஒரு கிலோ தேயிலையாகின்றது. விகிதம் கற்பிக்க இதனினும் நல்ல கணக்கு யாதுளது? நிறுவையிற் கழிக்கப்படும் கிலோவைப் பற்றித் தாய் இரவிற் பேசுவதைக் கேட்ட பிள்ளைக்குக் கழித்தல் வெறுங்கணக்கன்று. ஆடி ஆவணியில் வீசும் வறண்ட காற்று ஊவாத் தேயிலைக்கு மணந்தருவது ஆவியாதலுக்குப் பாடம். 2014 ஒக்டோபர் 29இல் கொஸ்லாந்தை மீரியபெத்தையில் மண்சரிந்து லயங்கள் புதையுண்டமை, புவியியல் ஆசிரியர் எவரும் தவிர்க்கவொண்ணாத பாடம். இவற்றைத் தம் வகுப்பில் வாய்மொழியாகச் சொல்லும் ஆசிரியர் பலருளர். எழுதி அனுப்புவோர் அருகியே உள்ளனர்.

காரணத்தை ஆசிரியரின் சோம்பலிற் காண முயல்வோர் நிலைமையை அறியாதவர். மலையகப் பாடசாலைகளுக்கு நியமிக்கப்பட்ட ஆசிரியர் உதவியாளர்க்குத் தொடக்கத்தில் வழங்கப்பட்டது மாதம் 6,000 ரூபாய். ஆசிரியர் என்னும் பெயரும் அவர்க்கு அப்போது முழுமையாகக் கிட்டவில்லை. தம் எழுத்துக்கு மதிப்புண்டு என்று நம்புதற்கு அத்தகையோர்க்கு யார் இடந்தந்தனர்? மேலும், பகிர்வு நிகழும் குழுக்களில் வலயத்து அதிகாரிகளும் அதிபர்களும் உறுப்பினராயிருப்பதுண்டு. மேலதிகாரி வாசிக்கும் இடத்தில், ‘இன்று நான் பின்னத்தைக் கற்பித்தேன், பாதிப் பிள்ளைகளுக்கு விளங்கவில்லை’ என எழுதத் துணிபவர் யார்? இறந்தகால வினைமுற்று மறைந்த இடம் அதுவே.