ரசிகரும் ரசனையும்: பாட்டுப் புத்தகம் பற்றிச் சில குறிப்புகள்

சினிமாவை நேசிப்பவர்கள் படிக்க வேண்டிய புத்தகங்களைச் சொல்லுங்கள் என்று ஒரு நண்பர் கேட்டார். நான் யோசிக்கவே இல்லை. எய்சன்ஸ்டைன், பேசான், ஹிட்ச்காக்கோடு த்ரூஃபோ நடத்திய நீண்ட உரையாடல், தார்க்கோவ்ஸ்கி, சத்யஜித் ராய், நம் பக்கத்திலிருந்து சிவத்தம்பி, தியடோர் பாஸ்கரன், எம்.எஸ்.எஸ். பாண்டியன் என்று வாய் தானாக ஒப்பித்தது. அவர் எழுதிக்கொண்டு போய்விட்டார். பிறகுதான் உறைத்தது. தமிழ்நாட்டில் சினிமா பார்த்தவர்கள் தங்கள் காசில், கொட்டகை வாசலிலேயே வாங்கிப் படித்த புத்தகத்தை நான் சொல்லவில்லை. சொல்ல வேண்டும் என்று தோன்றவும் இல்லை. பாட்டுப் புத்தகத்தைத்தான் சொல்கிறேன்.

மறதி என்று சொல்லித் தப்பிக்க முடியாது. எது புத்தகம், யார் வாசகர் என்பதில் நமக்குள் ஏற்கெனவே ஒரு தீர்ப்பு எழுதப்பட்டிருக்கிறது.

பாட்டுப் புத்தகத்தைப் பார்த்திராதவர்களுக்காக: மட்டத் தாளில் சில பக்கங்கள். அட்டையில் நட்சத்திரங்கள். உள்ளே நடிகர் பட்டியல், கதைச் சுருக்கம், பிறகு பாட்டுகள். நாயகி ஆபத்தில் மாட்டும் இடத்தில் கதைச் சுருக்கம் நின்றுவிடும். மீதியை வெள்ளித்திரையில் காண்க. நாடகக் கம்பெனிகளின் பாட்டுப் புத்தகங்களுக்கும், அவற்றுக்கும் முன்பு சென்னைக் குஜிலிக் கடைகளில் விற்ற மலிவுப் பிரசுரங்களுக்கும் இது வாரிசு. (அந்தப் பிரசுர உலகத்தை ஆ. இரா. வேங்கடாசலபதி 'முச்சந்தி இலக்கிய'த்தில் 2004-இல் எழுதினார்.) 1930-களின் பேசும் படங்களில் நாற்பது, ஐம்பது பாட்டுகள்கூட உண்டு. கிராமபோனும் இசைத்தட்டும் வாங்க முடியாத வீட்டுக்கு அந்தப் பாட்டுகளைக் கொண்டுவந்து சேர்த்தது இந்தத் தாள்தான்.

என் பெரியம்மாவுக்கு எழுத்து தெரியாது. ஆனால் அவளிடம் ஒரு தகரப் பெட்டி நிறையப் பாட்டுப் புத்தகம் இருந்தது. கோவில்பட்டிப் பக்கம் எங்கள் ஊருக்கு வந்துபோன டூரிங் கொட்டகையில் சேர்த்தவை. நான் வரியை வாசிப்பேன், அவள் மெட்டைப் போடுவாள். ஒருநாள் பாட்டின் நடுவில் நிறுத்திவிட்டாள். "அந்த அடி படத்துல வராதுல. வெட்டிட்டான் போலிருக்கு. புஸ்தகத்துல மட்டும் கெடக்கு." பிரதி, பிரதிக்குள் மௌனம், வாசக இடையீடு என்றெல்லாம் பின்னாளில் நானும் நண்பர்களும் கூட்டம் போட்டு மண்டையை உடைத்துக்கொண்டோம். அச்சுப் பிரதியையும் திரைப் பிரதியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து இடைவெளியைப் பிடித்தவள் அடுப்படியில் உட்கார்ந்திருந்தாள். கதைக்கு முடிவை ஏன் போடவில்லை என்று அவளிடம் கேட்டதுண்டு. "போட்டா எவம்ல துட்டு குடுத்து கொட்டகைக்கு வருவான்?" அது வியாபாரத் தாள் என்பது அவளுக்குத் தெரிந்துதான் இருந்தது. தெரிந்தேதான் பாடினாள்.

'ரசிகர்' என்ற சொல்லைக் கொஞ்சம் கவனியுங்கள். சபாவில் முன்வரிசையில் உட்கார்ந்து தொடையில் தாளம் போடுகிறவரும் ரசிகர்தான். அங்கே அது பட்டம். அதே சொல் சினிமாக் கொட்டகைக்குள் நுழைந்ததும் வசையாகிவிடுகிறது: வெறியர், விசிலடிச்சான், பாலாபிஷேகக்காரர். இந்த வசை நம்மேல் ஒட்டிவிடக் கூடாதே என்று நாம் 'ரசனை' என்ற சொல்லுக்குள் ஒளிந்துகொண்டோம். ரசனை வகுப்பு, ரசனைப் பட்டறை, ரசனை நூல். ரசிகரிடம் இருப்பது ரசனை இல்லை. அதை வெளியிலிருந்து ஊட்ட வேண்டும் என்பதுதான் இந்தச் சொல்லாடலின் அடித்தளம். தமிழ்ப் பண்பாட்டு மேட்டுக்குடியினர் சினிமாவை எதிர்கொண்ட விதம் குறித்து பாண்டியன் 1996-இல் 'எகனாமிக் அண்ட் பொலிடிகல் வீக்லி'யில் எழுதிய கட்டுரை இதன் வேரைத் தொட்டது. கீழோரின் கேளிக்கை என்று ஒதுக்கவும் முடியாமல், விட்டுவிடவும் மனசில்லாமல், சினிமாவை உயர்த்திச் சீர்படுத்தக் கிளம்பிய பதற்றம். அந்தப் பதற்றத்துக்குச் சிறுபத்திரிகைக்காரர்களாகிய நாமும் பங்காளிகள்தான்.

என்னையே எடுத்துக்கொள்கிறேன். எண்பதுகளில் ஒரு திரைப்படச் சங்கத்தில் சேர்ந்தேன். 'பதேர் பாஞ்சாலி' (1955) பார்த்து அழுதேன். அந்த அழுகையில் பொய் இல்லை, இன்றும் அதை விட்டுக்கொடுக்க மாட்டேன். ராய் 1976-இல் வெளியிட்ட கட்டுரைத் தொகுப்பின் தலைப்பு 'அவர் ஃபிலிம்ஸ், தேர் ஃபிலிம்ஸ்'. நம் படங்கள், அவர்கள் படங்கள். அவருக்கு 'நம்' என்றால் இந்தியா, 'அவர்கள்' என்றால் வெளிநாடு. எங்கள் சங்கத்தில் இது அப்படியே தலைகீழாயிற்று. பெர்க்மனும் கோதாரும் 'நம்ம படம்'. பெரியம்மா பார்த்ததெல்லாம் 'அவங்க படம்'. வீடு மாறியபோது அவளுடைய தகரப் பெட்டியைப் பழைய பேப்பர்காரரிடம் எடைக்குப் போட்டது நான்தான். அவள் அப்போது உயிரோடு இல்லை. சங்கத்து நண்பர்கள் வீட்டுக்கு வரும்போது கண்ணில் பட்டுவிடுமோ என்ற கூச்சம். வேறு காரணம் எதுவும் இல்லை.

இனி, பாண்டியனின் 'தி இமேஜ் டிராப்' (1992). எனக்கு மிக முக்கியமான புத்தகம். 1977 முதல் 1987 வரை, ஏழைகளுக்குச் சாதகமாக நடந்துகொள்ளாத ஓர் ஆட்சி ஏழைகளின் ஓட்டில் எப்படி நின்றது? கிராம்சியின் துணையோடு, நாட்டார் கதைப்பாடல்களின் வீரர்களை எம்.ஜி.ஆரின் நாயகர்களுக்குப் பக்கத்தில் நிறுத்துகிறார் பாண்டியன். கதைப்பாடலில் எல்லை மீறிய வீரன் கொல்லப்படுகிறான். படத்தில் பெரும்பாலும் ஜெயித்துவிடுகிறான். இந்த ஒப்பீட்டின் கூர்மையை அதற்குப் பிறகு தமிழில் யாரும் எளிதில் தாண்டிவிடவில்லை என்பதே என் எண்ணம். ஆனால் தலைப்பைப் பாருங்கள். பொறி. பொறி என்றால் உள்ளே எலி வேண்டும். எலியிடம் யாரும் அபிப்பிராயம் கேட்பதில்லை. ரசிகர் இந்தப் புத்தகத்தில் சான்றாக வருகிறார், வாதாடுகிறவராக வருவதில்லை. வந்திருந்தாலும் நூல் இருந்தது ஆங்கிலத்தில். 'பிம்பச் சிறை' என்று தமிழுக்கு வர இருபது ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. அதற்குள், 2014-இல், பாண்டியன் போய்விட்டார். மதுரையின் ஏழைப் பார்வையாளர்களிடம் உட்கார்ந்து பேசி சாரா டிக்கி 1993-இல் எழுதிய நூலும் ஆங்கிலம்தான். யாரைப் பற்றியோ அவர்கள் கைக்கு எட்டாத மொழியில்.

சிவத்தம்பி 1981-இல் சொன்னது ஞாபகம் வருகிறது: தமிழர் அனைவரும் ஒரே கூரையின்கீழ் உட்கார்ந்து பார்த்த முதல் நிகழ்கலைக்கூடம் சினிமாக் கொட்டகை. உட்காரும் இடத்தைத் தீர்மானித்தது பிறப்பல்ல, டிக்கெட். சரி, தரை டிக்கெட்டை யார் வாங்கினார்கள் என்ற கேள்வி மிச்சம் இருக்கிறது. ஆனாலும் கூரை ஒன்றுதான். அந்த ஒரே கூரையை நம் புத்தக அலமாரி மறுபடி பிரித்துவிட்டது.

இதில் ஒரு வேடிக்கை. நாம் ஒதுக்கிய தாளிடமே கடைசியில் வரலாற்றாய்வாளர் போய் நிற்க வேண்டியிருந்தது. முதல் தமிழ்ப் பேசும் படமான 'காளிதாஸ்' (1931) இன்று இல்லை. டி.பி. ராஜலட்சுமி இயக்கிய 'மிஸ் கமலா' (1936) இல்லை. தெற்கே எடுத்த மௌனப் படங்களில் எஞ்சியது 'மார்த்தாண்ட வர்மா' (1933). புனேயில் தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகம் தொடங்கியதே 1964-இல். அதற்குள் சுருள்கள் எரிந்தும் மக்கியும், வெள்ளிக்காகக் கரைக்கப்பட்டும் போயிருந்தன. அழிந்த படத்தின் கதை என்ன, பாட்டு என்ன, யார் நடித்தார்கள் என்று அறிய பாட்டுப் புத்தகம்தான் கதி. கோட்டையூரில் விளம்பரப் பலகை எழுதிப் பிழைத்த ரோஜா முத்தையா, இப்படிப்பட்ட தாள்களையும் புத்தகம் என்று மதித்துச் சேர்த்துவைத்தார். 1992-இல் அவர் மறைந்த பிறகு அந்தச் சேகரிப்பே 1994-இல் சென்னையில் நூலகமாயிற்று. அதற்குச் சில வருஷம் முன்புதான் நான் எடைக்குப் போட்டேன்.

பாட்டுப் புத்தகத்தைப் புனிதப்படுத்த வரவில்லை. தயாரிப்பாளரின் சரக்கு அது. அதில் யாரும் சாதியைக் கேள்வி கேட்டதாகவோ, பெண்ணை மரியாதையாக எழுதியதாகவோ நான் சொல்லப் போவதில்லை. இன்று அது 'ஆவணம்' என்று கண்ணாடிப் பெட்டிக்குள் போவதிலும் எனக்குச் சங்கடம் உண்டு. பாடுவதற்காக வாங்கியதை வாய்மூடிப் பார்க்கிறோம்.

போன வருஷம் நடைபாதைப் பழைய புத்தகக் கடையில் ஒன்று கிடைத்தது. அட்டை இல்லை, படத்தின் பெயர் தெரியவில்லை. சில பாட்டுகளுக்குப் பக்கத்தில் பென்சில் கோடு. 'மீதியை வெள்ளித்திரையில் காண்க' என்ற வரிக்குக் கீழே அதே பென்சிலில், கோணல் எழுத்தில் யாரோ எழுதியிருந்தார்கள்: "கடைசியில் அண்ணன் திருந்தி தங்கச்சி காலில் விளுகிறான். நம்பும்படி இல்லை. ரெண்டு தடவை பார்த்தேன்."