பழக் கேக்கும் பகிர்வும்: ட்றூமன் கப்போட்டியின் சிறுகதை பற்றிய ஒரு நோக்கு

பழைய நாட்களை நினைவுகூரும் புனைகதைகளை ஐயத்துடன் நோக்குவது நமது விமர்சன மரபில் ஊன்றிவிட்ட ஒரு வழக்கம். இழந்த இளமைக்காக ஏங்கும் எழுத்து வாசகனைச் சமூக முரண்பாடுகளிலிருந்து விலக்கி, இனியதொரு மயக்கத்தில் ஆழ்த்துகின்றது என்பது அவ்வையத்தின் சாரம். பல சந்தர்ப்பங்களில் இது நியாயமானதே. ஆயின், எல்லாப் படைப்புகளுக்கும் இதனை ஒரே அளவுகோலாகப் பிரயோகிப்போமாயின், படைப்பினுள்ளே உண்மையில் என்ன நிகழ்கின்றது என்பதைப் பாராமலே தீர்ப்பு வழங்கியவராவோம். அமெரிக்க எழுத்தாளர் ட்றூமன் கப்போட்டியின் (1924–1984) 'எ கிறிஸ்மஸ் மெமரி' என்னும் சிறுகதை இப்பிரச்சினையை ஆராய்வதற்கு ஏற்றதோர் எடுத்துக்காட்டாகும்.

1956 டிசெம்பரில் 'மட்மொசெல்' என்ற பெண்கள் சஞ்சிகையில் வெளிவந்த இக்கதை, 1958இல் 'பிறேக்பாஸ்ற் அற் ரிஃபனிஸ்' தொகுதியிற் சேர்க்கப்பட்டது. 1966இல் தொலைக்காட்சிப் படமாகவும் ஆக்கப்பட்டது. அலபாமா மாநிலத்தின் மொன்றோவில் என்ற சிற்றூரில் உறவினர் வீட்டில் கப்போட்டி கழித்த பிள்ளைப் பருவமே கதைக்கு அடிப்படை. கதையில் வரும் சிறுவனுக்கு ஏழு வயது. அவனது தோழிக்கு அறுபதுக்கு மேல். அவள் தூரத்து உறவினள். கதை முழுவதிலும் அவளுக்குப் பெயர் இல்லை. 'என் தோழி' என்றே குறிக்கப்படுகிறாள். நவம்பர் இறுதியில் ஒரு நாட் காலை, பழக் கேக் செய்யும் காலம் வந்துவிட்டதென அவள் அறிவிக்கிறாள். அன்று தொடங்கி நத்தார் வரை நிகழ்பவையும், பின்னர் வரும் பிரிவுமே கதை.

மேலோட்டமாக நோக்குவார்க்கு இது இனிமையானதொரு பண்டிகைச் சித்திரம். ஆனால் கதையின் முற்பகுதி முழுவதும் உழைப்பும் காசுக் கணக்குமே நிறைந்திருத்தல் நோக்கற்பாலது. பிறர் தோப்பில் அறுவடையின்பின் உதிர்ந்து கிடக்கும் பீக்கன் பருப்புகளை இருவரும் பொறுக்குகின்றனர்; அவற்றை ஏற்றி வருவதோ, சிறுவன் குழந்தையாயிருந்தபோது பயன்பட்ட பழைய பிரம்புத் தள்ளுவண்டியில். மாவு, வெண்ணெய், முட்டை, முந்திரிகை வற்றல், இஞ்சி, அன்னாசி, விஸ்கி ஆகியவற்றுக்கான பணம் ஆண்டு முழுவதும் சதஞ் சதமாகச் சேர்க்கப்பட்டது. காட்டுப் பழம் பறித்து விற்றமை, ஜாம் காய்ச்சியமை, மரண வீட்டுக்கும் மண வீட்டுக்கும் பூக் கொய்து கொடுத்தமை, வீட்டாருக்காக இருபத்தைந்து ஈக்களுக்கு ஒரு சதம் வீதம் ஈயடித்தமை என வருமான வழிகள் ஒவ்வொன்றாகச் சொல்லப்படுகின்றன. தோழியின் எண்ணிக்கைப்படி திரண்ட தொகை 12 டொலர் 73 சதம். சிறுவனின் எண்ணிக்கையிலோ சரியாக 13 டொலர். பதின்மூன்று தீய எண் என்பதால் ஒரு சதம் யன்னலுக்கு வெளியே வீசப்படுகின்றது! அவளது பேதைமை சிரிப்பைத் தருகின்றது. ஆனால் அவ்வொரு சதத்தின் பெறுமதி என்னவென்பதை ஆசிரியர் முன்னரே நமக்கு உணர்த்திவிட்டார். வறுமையை மறைத்து இனிமை காட்டும் எழுத்தில் இத்தகைய கணக்கு விவரம் இடம்பெறுவதில்லை.

இவ்விடத்தில் பழக் கேக் என்ற பண்டத்தின் இயல்பும் கருதப்பட வேண்டும். பாகில் ஊறிய பழங்களும் மதுவும் சேர்வதால் அது நெடுநாள் கெடாதிருக்கும். நாளேற ஏறச் சுவை கூடும். ஆகவே தூரத்துக்கு அனுப்பத்தக்கது. குடியேற்ற நாடுகளின் கரும்புத் தோட்டங்களில் அடிமைகளின் உழைப்பால் விளைந்த சீனி மலிந்த பின்னரே ஐரோப்பியச் சமையலில் இத்தகைய கேக்குகள் பரவின. பிரித்தானியர் ஆட்சியோடு இலங்கைக்கு வந்த நத்தார்க் கேக், இங்கு ரவை, மரமுந்திரிகைப் பருப்பு, நீற்றுப்பூசணித் தோசி, பன்னீர் ஆகியவற்றை ஏற்று உருமாறியது. நத்தாரன்று அது அயலிலுள்ள சைவ, பௌத்த வீடுகளுக்கும் தட்டிற் செல்கின்றது. அத்தட்டு பொங்கலுக்கோ வெசாக்குக்கோ நிரம்பித் திரும்புவதும் வழமை. கொடுத்தல், ஏற்றல், திருப்பிக் கொடுத்தல் என்ற மூன்று கடப்பாடுகளால் அன்பளிப்பு இயங்குகின்றதென 1925இல் பிரெஞ்சு அறிஞர் மார்சல் மோஸ் காட்டியமைக்கு நமது தட்டுகளே போதிய சான்று.

கப்போட்டியின் கதை இவ்விதியிலிருந்து விலகும் இடமே அதன் உயிர்நிலை எனலாம். நான்கு நாட்களில் வெந்தெடுக்கப்பட்ட 31 கேக்குகளுள் பெரும்பாலானவை அயலாருக்கோ உறவினருக்கோ அல்ல. ஒருமுறை மட்டும் கண்டவர்களுக்கும், கண்டே இராதவர்களுக்குமே அவை போகின்றன: ஜனாதிபதி றூஸ்வெல்ற், போர்ணியோவில் ஊழியஞ் செய்யும் மிசனரித் தம்பதியர், ஊருக்கு வந்துபோகும் கத்தி சாணை பிடிப்பவர், மொபீலிலிருந்து வரும் ஆறு மணி பஸ்ஸின் சாரதி, வாகனம் பழுதுற்றதால் சிறிது நேரம் வாசலில் அமர்ந்து பேசிச் சென்ற கலிபோர்ணியத் தம்பதியர். முத்திரைச் செலவோடு பணப்பை வெறுமையாகின்றது. ஈடாகக் கிடைப்பவை வெள்ளை மாளிகைத் தாளில் வந்த நன்றிக் கடிதமும் சில தபாலட்டைகளுமே. வீட்டினுள் இவ்விருவருக்கும் மதிப்பில்லை. அதிகாரம் பிறர் கையில். ஐந்து மைலுக்கப்பால் சென்றறியாத அம்மூதாட்டி, தன்னை மதிக்காத வீட்டைத் தாண்டி, கேக்கின் மூலம் தனக்கென ஓர் உலகை அமைத்துக்கொள்கிறாள். இதனை வெறும் ஏக்கம் என ஒதுக்கிவிட முடியாது.

விஸ்கி வாங்கும் காட்சி இக்கருத்தை வலியுறுத்துகின்றது. சட்டம் தடைசெய்த மதுவை விற்பவர் ஹாஹா ஜோன்ஸ் என்ற செவ்விந்தியர். முகத்தில் வெட்டுத் தழும்புகள் கொண்ட, சிரித்தறியாத மனிதர். நடுங்கியவாறு சென்ற இருவரும் இரண்டு டொலரைச் சில்லறையாக எண்ணிக் கொடுக்கின்றனர். அவரோ காசைத் திருப்பிக் கொடுத்து, அதற்குப் பதிலாக ஒரு கேக் அனுப்பினாற் போதும் என்கிறார். அவரது கேக்குக்கு ஒரு கோப்பை முந்திரிகை வற்றலை மேலதிகமாக இடுவதென முடிவாகின்றது. சந்தை உறவு மனித உறவாக மாறும் இக்கணத்தை ஆசிரியர் எவ்வித விளக்கவுரையுமின்றிச் சொல்லிச் செல்கிறார்.

இனி, கதையின் குறைபாட்டையும் கூறியாதல் வேண்டும். கறுப்பின மக்கள்மீதான ஒடுக்குமுறை சட்டமாகவே நிலவிய அலபாமாவில் கதை நிகழ்கின்றது. எனினும் அது இங்கு ஒரு பொருளாக இடம்பெறவில்லை. இம்மௌனம் கதை வெளியான காலத்தோடு சேர்த்து நோக்குகையில் மேலும் கனக்கின்றது. மாநிலத் தலைநகரான மொன்ற்கொமறியில், பஸ்களில் நிலவிய இனப் பிரிவினைக்கு எதிராக 1955 டிசெம்பர் 5இல் தொடங்கிய பகிஷ்கரிப்பு வெற்றியுடன் முடிவுற்றது 1956 டிசெம்பரிலேயே. கதையில் தினமும் கையசைத்துச் செல்லும் பஸ் சாரதி நட்பின் சின்னம். அதே மாநிலத்தில் அக்காலப் பஸ் சாரதி இருக்கைப் பிரிவினையை நடைமுறைப்படுத்தியவரும் ஆவார். ஏழு வயதுச் சிறுவனின் கண்வழியே கதை சொல்லப்படுகின்றதென விடையிறுக்கலாம். ஆனால் நினைத்துப் பார்ப்பவன் வளர்ந்த மனிதன் அல்லவா? அறிமுகமற்றோரையெல்லாம் அணைக்கும் அப்பட்டியலின் எல்லை எங்கே முடிகின்றதென்ற வினாவை வாசகன் எழுப்பியே ஆகவேண்டும்.

எனினும் இக்குறை, கதையைப் பொய்ம்மையான மெல்லுணர்ச்சியாக மாற்றிவிடவில்லை. ஏறத்தாழ இருபதாண்டுகளுக்கு முந்திய நிகழ்ச்சிகளைக் கப்போட்டி நிகழ்காலத்திலே சொல்கிறார். ஒவ்வொரு செயலும் கண்முன் நடப்பதுபோல் தோன்றுவதால், 'அந்தக் காலம்' என்ற பெருமூச்சுக்கு இடமில்லை. சிறுவன் இராணுவப் பாடசாலைக்கு அனுப்பப்பட்டபின் அவள் தனியே கேக் செய்கிறாள், எண்ணிக்கை குறைகின்றது, அவற்றுள் மிகச் சிறந்ததை அவனுக்கு அனுப்புகிறாள். பின்னொரு நவம்பரில், கேக் செய்யும் காலத்தை அறிவிக்க அவளால் எழ முடியவில்லை. மரணத்தைப் பற்றி ஆசிரியர் அழுது புலம்பவில்லை. ஓர் ஆண்டுப் பணி நின்றுபோயிற்று என்ற செய்தியே துயரத்தைச் சுமக்கின்றது.

நினைவு இலக்கியம் யாவும் பிற்போக்கானது என்ற முடிபு இதனால் மீளாய்வுக்குரியதாகின்றது. எவரது உழைப்பு நினைவுகூரப்படுகின்றது, அவ்வுழைப்பின் பயன் எவரைச் சென்றடைகின்றது, எவர் விடுபட்டுப் போகின்றனர் என்ற மூன்று வினாக்களையும் எழுப்பிய பின்னரே அத்தகைய படைப்பை மதிப்பிடல் வேண்டும். முதலிரண்டுக்கும் கப்போட்டியின் கதை நேர்மையான விடை தருகின்றது. மூன்றாவதற்கு அதனிடம் விடையில்லை. நமது சொந்த ஊர் நினைவுக் கதைகளையும் இவ்வாறே வினாவிப் பார்ப்பது பயனுடையதாகும்.