உடைந்த வில்லின் சாட்சியம்: ராஜர் ஆஸ்கமின் நான்கு காரணங்கள்

மர வில் செய்வதைப் பற்றித் தேடிப் படிக்கிறவர்கள் கண்ணில் 'டாக்ஸோபிலஸ்' என்ற பெயர் எப்படியும் பட்டுவிடும். 1545-ல் லண்டனில் அச்சான நூல். எழுதியவர் ராஜர் ஆஸ்கம். கேம்பிரிட்ஜில் செயின்ட் ஜான்ஸ் கல்லூரிக்காரர், பின்னாளில் இளவரசி எலிசபெத்துக்கு ஆசிரியர். நூலை எட்டாம் ஹென்றிக்குக் காணிக்கையாக்கி, ஆண்டுக்கு 10 பவுண்டு உதவித்தொகையும் பெற்றார். படிப்பின் பக்கம் நிற்கும் ஒருவரும் வில்லின் பக்கம் நிற்கும் ஒருவரும் பேசிக்கொள்வதுபோல நூல் போகும்.

இலக்கியக்காரர்கள் இதன் முன்னுரையைப் படிப்பார்கள். லத்தீன் தெரிந்த அறிஞர் ஏன் ஆங்கிலத்தில் எழுதினார் என்ற விளக்கம் அங்கே இருக்கிறது. வில்லாளிகள், எப்படி நிற்பது, அம்பைப் பொருத்துவது, இழுப்பது, பிடித்து நிறுத்துவது, விடுவது என்ற ஐந்து பாடங்களைப் படிப்பார்கள். இரண்டு கூட்டமும் வேகமாகத் தாண்டிப் போகும் ஓர் இடம் இரண்டாம் பாகத்தில் இருக்கிறது. வில் ஏன் உடைகிறது என்பதைப் பற்றிய ஒரு பக்க அளவு பகுதி. என் கணக்கில் நூலின் சிறந்த பக்கம் அதுதான். அதில் ஒரு பெரிய ஓட்டையும் இருக்கிறது. இந்தக் குறிப்பு இரண்டையும் பற்றியது.

ஆஸ்கம் சொல்வது என்ன?

வில் பொதுவாக நான்கு வழியில் உடைகிறது என்கிறார். நாணால், அம்பால், அளவுக்கு மீறி இழுப்பதால், கீறல்களால்.

நாண் அறுந்தால் வில்லின் இரண்டு கைகளையும் நிறுத்த எதுவும் இல்லை. அவை முன்னோக்கி விசிறியடித்து, வில்லாளியைப் பார்த்த பக்கமான 'வயிறு' பிளந்து எழும்புகிறது. அம்பின் குதை உடைந்தாலோ, குதை அகலமாக இருந்து நாண் நழுவினாலோ, இழுத்து வைத்த விசை முழுவதும் போக இடமில்லாமல் வில்லிலேயே திரும்பி இறங்குகிறது. நீளமான அம்பை வைத்து அளவு மீறி இழுத்தால், வெளிப்பக்கமான 'முதுகு' கிழிந்து வில் பல துண்டாகச் சிதறுகிறது. நான்காவதான கீறல்கள் மெதுவாக வேலை செய்பவை. மற்ற இடங்களைவிட பலவீனமான இடத்தில் சிறு மடிப்பாகத் தொடங்கி, புற்றுபோலப் பரவி, முதல் மூன்றில் எது வந்தாலும் உடைய வில்லைத் தயாராக வைத்திருக்கும்.

இதற்குப் பிறகு அவர் செய்வதுதான் முக்கியம். காரணத்திலிருந்து உடைவுக்குப் போனவர், அப்படியே திரும்பி உடைவிலிருந்து காரணத்துக்கு வருகிறார். வயிறு எழும்பியிருந்தால் நாண். ஏறத்தாழ நேராக இரண்டு துண்டாகி, அதிலும் மேல்முனைப் பக்கம் உடைந்திருந்தால் அம்பின் குதை. முதுகு சில்லுசில்லாகக் கிழிந்திருந்தால் மிகை இழுப்பு. இந்த அடையாளங்கள் தப்புவது அரிது என்று உறுதியாகச் சொல்கிறார்.

இது ஏன் நல்ல பக்கம்?

எங்கள் மென்பொருள் தொழிலில் சர்வர் விழுந்த மறுநாள் ஆர்.சி.ஏ. என்று ஓர் ஆவணம் எழுதுவோம். என்ன நடந்தது, எதனால் நடந்தது, திரும்ப நடக்காமல் இருக்க என்ன வழி. எழுதிப் பழகியவர்களுக்குத் தெரியும், அதில் கஷ்டமான வேலை தூண்டுதலையும் உள்ளே ஏற்கனவே இருந்த பலவீனத்தையும் பிரிப்பது. ஆஸ்கம் அதைப் பிரித்துவிட்டார். நான்கு என்று எண்ணினாலும் அவர் பட்டியல் உண்மையில் மூன்றும் ஒன்றும். மூன்று தூண்டுதல்கள், ஒரு மறைந்திருக்கும் நிலை. ஜேம்ஸ் ரீசன் விபத்துகளைப் பற்றி 1990-ல் எழுதிய புத்தகத்தில் உடனடித் தவறு, உறங்கும் தவறு என்று பிரித்தாரே, அதன் வித்து இங்கே இருக்கிறது.

இன்னொன்று, அவர் வில்லை மட்டும் பார்க்கவில்லை. குதையால் வரும் உடைவு பக்கத்தில் நிற்பவர்களுக்கு மிக ஆபத்து என்கிறார். உடைந்த முனை, அதிலும் மேல்முனை, இருபது கஜம் வரை பறந்ததைக் கண்டிருக்கிறாராம். முழு இழுப்பில் மேல்முனை எங்கே இருக்கிறது என்று யோசித்துப் பாருங்கள். வில்லாளியின் தலைக்குச் சற்று முன்னால், மேலே. சுற்றி நின்று வேடிக்கை பார்ப்பவர்களின் தலை உயரத்துக்கும் அதிக தூரமில்லை.

கீறலுக்கு அவர் சொல்லும் வைத்தியமும் சரியானது. மடிப்பு விழுந்த இடத்தைத் தொடாதே, அதன் அக்கம்பக்கத்தைச் செதுக்கி அதையும் வளையவிடு. சுமை பரவினால் மடிப்பு மேலே வளராது. இன்றைய கணக்கும் இதையே சொல்கிறது. வளையும் மரத்தின் மேற்பரப்பில் ஏற்படும் நீட்சி, தடிமனில் பாதியை வளைவின் ஆரத்தால் வகுத்தால் கிடைக்கும். 25 மி.மீ. தடிமனுள்ள கை 1.25 மீட்டர் ஆரத்தில் வளைந்தால் நீட்சி 1%. பெரும்பாலான மரங்களுக்கு எல்லையே அதற்குப் பக்கத்தில்தான். அதே கை ஓரிடத்தில் மட்டும் கீல்போல 0.8 மீட்டர் ஆரத்தில் மடங்கினால் நீட்சி 1.5 சதவீதத்தைத் தாண்டிவிடும். முழு வில்லும் பத்திரமாக இருக்க, அந்த ஓர் இடம் செத்துக்கொண்டிருக்கும். குறையில்லாத மரம் நார்வாக்கில் இழுவையைவிட அழுத்தத்துக்கே முதலில் தோற்கும். அதனால்தான் கீறல் வயிற்றில் தோன்றுகிறது.

ஓட்டை எங்கே?

முதுகு கிழிந்திருந்தால் அளவு மீறி இழுத்தார்கள் என்கிறாரே, அங்கே.

முதுகு கிழிந்தது என்றால் இழுவை மரத்தின் தாங்கும் சக்தியைத் தாண்டியது என்று மட்டுமே பொருள். இழுவை கூடியதா, தாங்கும் சக்தி குறைந்ததா என்பதை அந்தக் கிழிசல் தனியாகச் சொல்லாது. முதுகில் நார்கள் நுனியிலிருந்து நுனிவரை அறுபடாமல் ஓட வேண்டும். செதுக்கும்போது ஆண்டு வளையத்தை வெட்டிவிட்டாலோ, நார் பக்கவாட்டில் சரிந்து ஓடினாலோ, சரியான அளவுக்கு இழுத்தாலே முதுகு விரியும். மரம் அளவுக்கு மீறிக் காய்ந்திருந்தாலும் அப்படித்தான். மூன்றுக்கும் கிட்டத்தட்ட ஒரே மாதிரிச் சில்லுகள்தான் கிடைக்கும். ஆஸ்கமின் அட்டவணைப்படி மூன்றுக்கும் குற்றவாளி, இழுத்தவன்.

வில் செய்பவர்கள் பக்கம் அவருக்குத் தெரியாது என்று விட்டுவிடவும் முடியவில்லை. அதே பாகத்தில், மரத்தை நன்றாகப் பதப்படுத்துங்கள், தேவையான சூடு கொடுங்கள், தாராளமாகத் தறியில் வளைத்துப் பாருங்கள் என்று வில் தச்சர்களை வேண்டிக்கொள்கிறார். லாபத்துக்காக அவசரமாக நிறைய வில் செய்து தள்ளுகிறவர்களைச் சாடுகிறார். கடையில் வில் எடுக்கும்போது முடிச்சு, வெடிப்பு, முறுக்கு எதெல்லாம் இருக்கக்கூடாது என்று பட்டியலும் தருகிறார். கீறல் பற்றிய பத்தியிலும் கைதேர்ந்தவன் சீர்செய்ய வேண்டும் என்கிறார். ஆக, செய்முறைப் பிழை அவருக்கு நன்றாகத் தெரியும். ஆனால் உடைந்த வில்லைக் கையில் வைத்துத் தீர்ப்பு எழுதும் இடத்துக்கு அந்த அறிவு வந்து சேரவில்லை. வாங்கும் பக்கத்தில் மரம் குற்றவாளி, உடையும் பக்கத்தில் மனிதன் குற்றவாளி.

இது சின்ன விஷயம் இல்லைங்க. எங்கள் தொழிலில் இதற்கு 'யூசர் எரர்' என்று பெயர். அந்த முத்திரை விழுந்ததும் விசாரணை முடிந்துவிடும், வடிவமைப்பை யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். மர வில்லில் இதன் விலை இன்னும் நேரடியானது. தன் வில் உடைந்ததற்கு "கொஞ்சம் அதிகமா இழுத்துட்டேன்" என்று முடிவு கட்டுகிறவர், அடுத்த வில்லுக்கும் அதே நார் சரிந்த பலகையை எடுப்பார். இரண்டாவது தடவை சில்லு எங்கே போகும் என்று யாருக்குத் தெரியும்?

இன்று எப்படிப் படிப்பது?

ஆஸ்கமைத் தூக்கிப் போட வேண்டாம். அவருடைய அடையாளங்களை, தீர்ப்பாக வைக்காமல் முதல் கேள்வியாக வைத்துக்கொள்ளலாம். முதுகு கிழிந்ததா? அடுத்து நாரைப் பார். பிளவு நாரின் போக்கில் சரிந்து ஓடியிருந்தால் பலகைத் தேர்வில் கோளாறு. நார் நேராக இருந்து, உடைந்த இடத்தின் வயிற்றில் குறுக்கு மடிப்புகளும் இருந்தால், அங்கே அதிகம் வளைந்திருக்கிறது, தறியில் கோளாறு. இரண்டும் இல்லாவிட்டால் மட்டும் இழுத்தவனைக் கேள்.

சோதிக்கும் முறைக்கும் அந்தப் பக்கத்திலிருந்தே பாடம் எடுக்கலாம். வளைவு ஒரே சீராக இல்லாத வில்லை, சீரின்மை கண்ணில் பட்ட அளவுக்கு மேல் இழுக்கக் கூடாது. அங்கேயே நிறுத்தி, வளையாத இடத்தைச் சுரண்டி, சிறிய இழுப்பில் இருபது முப்பது தடவை வளைத்துவிட்டு, பிறகு ஓர் அங்குலம் கூட்ட வேண்டும். தறியில் வில்லைப் பொருத்தி, நாணில் கயிறு கட்டி, கப்பி வழியாக இரண்டு மூன்று மீட்டர் தள்ளி நின்று இழுத்தால் இரண்டு லாபம். வளைவு முழுவதும் கண்ணுக்குத் தெரியும், உடைந்தாலும் முகம் தூரத்தில் இருக்கும். கண்ணுக்குக் கண்ணாடி அவசியம். வில் தளத்தில், அதாவது கைகள் விசிறும் நேர்க்கோட்டில், யாரையும் நிற்கவிடக் கூடாது. அம்பில்லாமல் நாணை விடவே கூடாது. ஒவ்வொரு முறையும் குதையில் விரிசல் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

புது வில்லை முதலில் கனமான அம்புகளால் எய்து பழக்கு என்றும் ஆஸ்கம் சொல்கிறார். அம்பு கனமானால் அது அதிக ஆற்றலை எடுத்துக்கொள்ளும், வில்லின் கைகளில் மிஞ்சும் அதிர்ச்சி குறையும். எங்கே அதிகம் வளைகிறது என்று பார்த்து, மடிப்பு விழும் முன்பே சரிசெய்து, பிறகு கைதேர்ந்த ஒரு தச்சனிடம் கொடுத்துச் செம்மைப்படுத்தச் சொல்கிறார். அதாவது சோதனை முடிந்த பிறகும் தச்சன் கையை விட்டு வில் போகவில்லை. உடைவுப் பக்கத்தில் அவர் விட்ட ஓட்டைக்கு அடைப்பு அவருடைய புத்தகத்திலேயே, சில பக்கங்கள் தள்ளி இருக்கிறது. இரண்டு பக்கத்தையும் சேர்த்துப் படித்தால் போதும்.